கீழே வராத குண்டு

ஆலங்கரைப்பட்டி, சிவகாசி வழி
3.3.2005

அன்பு மருமகள் எழிலுக்கு,

மாமன் ராக்கப்பன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் அங்கேயே கிழித்துப் போடுவாய். ஆகவே முதல் வரியிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். நான் இங்கே சொல்லப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒரு ஆள் நம்ப மாட்டான். சூலக்கரைக் கலெக்டர் ஆபீசில் மனுவாகக் கொடுத்தால், வாங்குகிற குமாஸ்தா முதலில் என் வாயைத்தான் மோந்து பார்ப்பான். நீயும் நம்ப வேண்டாம். கடைசி வரி வரைக்கும் படி, அது போதும்.

உங்கப்பா விட்ட கடைசிக் குண்டு இன்னும் கீழே வரவில்லை.

போன வருஷம் மாசிக் கடைசியில் நடந்ததுதான். பட்டாசுக் கம்பெனிப் பொட்டலில் மச்சான் புது வாணக் குண்டைப் பைப்புக்குள் இறக்கித் திரியில் தீ வைத்தார். அது 'தும்' என்று மேலே போனதைக் கேட்டவர்கள் ஆறு பேர், அதில் நானும் ஒருத்தன். அது மேலே இருக்கும்போதே எங்கள் முதுகுக்குப் பின்னால் மருந்துக் கலவை ஷெட் வெடித்துப் போய்விட்டது. உங்கப்பா வானத்தை விட்டுவிட்டு அங்கே ஓடினார். இரண்டு பொம்பளைப் பிள்ளைகளை வெளியே தள்ளினார். மூன்றாவது தடவை உள்ளே போனவர் வரவில்லை. அது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று. பொட்டலில் உங்கப்பா வெள்ளைத்துரை போட்ட சட்டம்தான் சட்டம். குண்டு மேலே போனதும் வலது கையைத் தூக்குவார். அது வானத்தில் வெடித்துப் பூக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழுந்த சத்தமாவது கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று காதில் விழுந்தால்தான் கை இறங்கும். கை இறங்காமல் ஒருத்தரும் பொட்டலில் கால் வைக்கக் கூடாது. முதலாளி காசிராஜனே பொட்டலின் எல்லைக் கோட்டுக்கு வெளியே பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிற்பார். அன்றைக்கு உங்கப்பா கையைத் தூக்கியபடியேதான் ஓடினார். இறக்கவே இல்லை.

இப்போது உங்கம்மா இறக்க மாட்டேன் என்கிறாள்.

குண்டுக்குக் காகிதம் ஒட்டுகிற வேலையை விட்டுவிட்டாள். காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் பொட்டலுக்குப் போய், வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கால் நுழைகிற பிளவுகளுக்கு நடுவில் வெறுங்காலோடு நிற்கிறாள். குண்டு பூத்திருந்தால் காகிதச் சிதறல் கிடக்க வேண்டும், பொட்டல் முழுக்கப் பெருக்கிப் பார்த்தேன், ஒரு துணுக்கு இல்லை என்கிறாள். விழுந்த சத்தத்தையும் யாரும் கேட்கவில்லை. "அப்ப மேலதான இருக்கு" என்கிறாள். வருஷத் திதி பேச்சை எடுத்தால், குண்டு இறங்கட்டும் என்கிறாள்.

சரி, புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். அக்காவின் காலடியில் அந்த நிழலைப் பார்க்கிற வரைக்கும்.

சின்னத் தேங்காய் அளவு. உருண்டை. உச்சி வெயில், மேலே ஒரு பருந்துகூட இல்லை. சூரியன் நகர்ந்தது, வேலியின் நிழல் நகர்ந்தது, என் நிழல் நகர்ந்தது. அது நகரவில்லை. காக்காய்கள் இப்போது பொட்டலுக்கு மேலே பறப்பதில்லை. ஓரத்தில் இறங்கி, வரிசை கட்டி நடந்து கடந்துபோய், அந்தப் பக்கம் பறக்கின்றன. அய்யாதுரை வீட்டு நாய் ஒரு வாரம் வானத்தைப் பார்த்தே குரைத்துத் தொண்டை போய், இப்போது ஊமை நாயாக ஊருக்குள் திரிகிறது.

பங்குனி பிறந்தால் டெஸ்டிங். சீசன் ஆர்டர் வந்து குவிந்திருக்கிறது. நிற்கிற பொம்பளைக்கு மேலே குண்டு விட முடியாது. பிடித்து இழுத்துப் போட எனக்கு மனசில்லை. நீ ஒன்று செய். திருச்சியில் இத்தனை வருஷமாக ஃபிசிக்ஸ் படிக்கிறாயே, ஒரு குண்டு மேலேயிருந்து கீழே வர எம்புட்டு நேரம் ஆகும்? காற்றே இல்லாமல் ஒரு கணக்கு, காற்றோடு ஒரு கணக்கு, இரண்டையும் போட்டு அனுப்பு. மகள் கையெழுத்தில் வந்தால் அக்கா கேட்பாள். போனில் கேட்கலாமென்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய்.

இப்படிக்கு,
மூன்று லோகத்துக்கும் ஃபோர்மேன்,
ராக்கப்பன்


மகளிர் விடுதி, திருச்சி
8.3.2005

மாமாவுக்கு,

போனை ஏன் வைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். அப்பாவைக் கொண்டுவருவதற்கு முன்னால் எங்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்து நீங்கள் கதை சொன்னீர்கள். மச்சான் செத்திருக்க மாட்டார், எமன் வந்தாலும் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருப்பார் என்று. நாலு பேர் சிரித்தார்கள். நான் உள்ளே அம்மாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

இதுவும் அப்படி ஒரு கதை என்றால் இதோடு கடிதம் வேண்டாம். ஆனால் அம்மா நிற்பது உண்மை என்று முருகம்மாள் சித்தியும் சொன்னாள். அதற்காகத்தான் இது.

அந்தக் குண்டு எனக்குத் தெரியும். லீவில் நானும் ஒட்டியிருக்கிறேன். நாலு இஞ்சு, கிட்டத்தட்ட நானூறு கிராம். நூற்றிருபது மீட்டர் மேலே போகும்.

காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். உயரத்தை இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஐந்து நொடி. குண்டு கனமா லேசா என்பதே இதில் வராது. இறகானாலும் இரும்பானாலும் அதே ஐந்து நொடி.

காற்றோடு என்றால் கனமும் பருமனும் உள்ளே வரும். விழுகிற வேகம் கூடக் கூடக் காற்று இன்னும் பலமாக எதிர்த்துத் தள்ளும். ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகி, அதற்கு மேல் வேகம் கூடாது. இந்தக் குண்டுக்கு அந்த எல்லை நொடிக்கு நாற்பத்து மூன்று மீட்டர். ஆனால் அதை எட்டுவதற்கு முன்பே தரை வந்துவிடும். மொத்தம் ஐந்தரை நொடி.

அவ்வளவுதான். ஷெட்டின் சத்தம் அடங்குவதற்குள் குண்டு விழுந்து முடிந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் இது கேட்கவில்லை. மேலே ஒன்றும் இல்லை.

நிழலைப் பற்றி. சூரியன் ஒரு புள்ளி இல்லை, அகலமான தட்டு. நாலு இஞ்சுப் பொருள் அவ்வளவு உயரத்தில் இருந்தால் சுற்றிலும் வருகிற வெளிச்சமே அதன் நிழலை அழித்துவிடும். ஒரு சின்னப் பனை உயரத்துக்குக் கீழே வந்தால்தான் தரையில் நிழல் என்று ஒன்று தெரியும். அடுத்த பொய்யை இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். சிரிக்காமல்.

எழில்


ஆலங்கரைப்பட்டி
13.3.2005

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. பந்தல் விஷயம் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதலாம் என்று இரண்டு காகிதம் கிழித்தேன். அன்றைக்கு நான் வாயை மூடியிருந்தால்... சரி, அது கிடக்கட்டும்.

ஒரு வருஷத்துக்குக் கணக்குக் கேட்டால் அரை நொடி அனுப்பியிருக்கிறாயே தாயே! உலகத்துக் காற்று அத்தனையும் சேர்ந்து, கடல் காற்று, மலைக் காற்று, நம்ம ஊர்க் கந்தக நெடி எல்லாம் ஒன்றாகக் கைகோத்து முட்டுக் கொடுத்தும் ஒரு குண்டை அரை நொடிதான் நிறுத்த முடியுமா? இந்தக் காற்றை நம்பியா இத்தனை நாளாகத் திண்ணைக்குத் திண்ணை மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்? உடனே மீசையை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, நாவிதர் கேட்டபோது மனம் மாறிவிட்டேன்.

பொட்டலுக்கே போய் அக்காவுக்கு வாசித்தேன். சிரிக்கவில்லை. உன் தலையில் அடித்துச் சத்தியம். கையை இறக்காமல் கேட்டாள். வர்க்கமூலம் வந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கடைசியில், "கணக்குச் சரிதாம்லே ராக்கு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு சொன்னாள்: "ஆனா அவ போட்டது மத்த நாளுக் காத்து. அன்னைக்குக் காத்து மேல போச்சு. ஷெட்டுக் கூரையே பறந்துச்சுல்ல. அந்தக் காத்து இன்னும் எறங்கல."

நான் காகிதத்தைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அடுத்து நிழல். பனை உயரத்துக்குக் கீழே வந்தால்தான் நிழல் தெரியும் என்று எழுதிவிட்டாய். அதை வாசித்தபோது நானும் அக்காவும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தோம். போன வாரம் ஓரம் கலங்கலாக இருந்த நிழல் இப்போது சோற்று வட்டிலால் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. ஓரம் சுத்தமாக. அப்படியென்றால் எம்புட்டு இறங்கியிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். எனக்குப் போடத் தைரியம் இல்லை.

ஒரு காரியம் செய்தேன். நிழல் தரையில் இருக்கிற கறையா, மேலேயிருந்து விழுகிறதா என்று பார்க்க, அதற்கு மேலே என் கையை நீட்டினேன். கறையாக இருந்தால் தரையிலேயே இருக்கும். இருக்கவில்லை. என் உள்ளங்கைக்கு ஏறிக்கொண்டது. உருண்டையாக, கறுப்பாக, கைக்கு நடுவில். பானைத் தண்ணீரில் கையை விட்ட மாதிரி குளிர்ந்தது. கையை இழுத்துவிட்டேன். குளிர்ச்சி மட்டும் போகவில்லை. இந்தப் பேனாவை அந்தக் கையால்தான் பிடித்திருக்கிறேன்.

காசிராஜன் முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கும் வழியில்லை. வருகிற இருபத்தோராம் தேதி, திங்கட்கிழமை, ஜேசிபி வருகிறது. ஓரத்துக் கருவேலத்தை வாரிவிட்டு, பிளவுகளை மூடி, பொட்டலைச் சமன் செய்யப் போகிறார்களாம். அக்காவிடம் சொன்னேன். வரட்டும் என்றாள். கை இறங்காமல் யார் கால் வைக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்றாள். ஜேசிபிக்குக் கால் இல்லை என்பதை அவளுக்கு யார் சொல்வது.

நீ வந்தால் நடக்கலாம். வர மாட்டாய் என்றும் தெரியும்.

ராக்கப்பன்


திருச்சி
17.3.2005

மாமா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உடனே முழுவதையும் படியுங்கள்.

இரண்டு நாளாகக் கம்பெனிக்குப் போன் செய்கிறேன். ஆபீசில் எடுத்தவர், "குண்டு இன்னும் வானத்துலதான் இருக்குதாம்மா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பந்தலில் கேட்ட சிரிப்பு மாதிரி இது இல்லை. கோபம் வரவில்லை, பயம் வந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆய்வகத்தில் ஒரு சோதனை. மாடியிலிருந்து இரும்புக் குண்டைப் போட்டு நேரம் பார்க்க வேண்டும். நான் போட்டேன். கூட இருந்த ஆர்த்தி, ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டாள். என் வலது கை மேலே இருந்தது. கீழே குண்டு மணலில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது தானாக இறங்கியது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது.

அது விழுந்துவிட்டது என்று எழுதினேன். விழுந்ததோடு என் கணக்கு முடிந்துவிட்டது. விழுந்தது எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

அம்மா பெருக்கிப் பார்த்ததில் ஒரு துணுக்குக் காகிதம்கூட இல்லை. அப்படியானால் குண்டு பூக்கவில்லை. முழுசாக, உள்ளே மருந்தோடு விழுந்திருக்கிறது. வந்த வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். மாசிக் கடைசி, கரிசல் வெடித்திருக்கும். ஒரு பிளவுக்குள் போயிருந்தால் யார் கண்ணிலும் படாது. அதற்கப்புறம் மழை வந்து மண் மூடிக்கொண்டது. இப்போது திரும்ப வெடித்திருக்கிறது. மழையில் நனைந்து மருந்து செத்திருக்கலாம். ஆனால் அது அம்மா ஒட்டிய குண்டு. அம்மா ஒட்டினால் தண்ணீர் இறங்காது.

ஜேசிபியின் இரும்புப் பல் அதில் படக் கூடாது மாமா. கடப்பாரை, மண்வெட்டி எதுவும் வேண்டாம். முதலில் தண்ணீர். பிளவு குடிக்கிற வரைக்கும் ஊற்றுங்கள். பிறகு மரக்கட்டையும் கையும் மட்டும். எடுத்ததும் தண்ணீர் டிரம்முக்குள். உங்களுக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதுகிறேன்.

எந்த இடத்தில் என்று என் கணக்கு சொல்லாது. அன்றைக்கு மேலே காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை தடவை போட்டாலும் பொட்டல் முழுக்கப் பரவி நிற்கிறது. அதனால் அம்மா நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். அந்த உருண்டை இருக்கிற இடத்தில். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தயவு செய்து கேட்காதீர்கள். நான் எம்.எஸ்ஸி. படிக்கிறேன்.

எனக்கு இருபத்தாறாம் தேதி பரீட்சை முடிகிறது. அன்று சாயந்தரமே பஸ் ஏறுகிறேன். விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். வரும்போது ஒரு பொய்யாவது கொண்டு வாருங்கள்.

எழில்


ஆலங்கரைப்பட்டி
21.3.2005

அன்பு மருமகள் எழிலுக்கு,

உங்கம்மா சௌக்கியம். அதை முதலில் படித்துவிட்டு மூச்சு விடு.

உன் கூரியர் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அதே மத்தியானம், சொன்னதற்கு இரண்டு நாள் முந்தியே, ஜேசிபியும் வந்துவிட்டது. நான் கடிதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஆயிரம் யானை பலத்தோடு அதன் முன்னால் குறுக்கே படுத்தேன். சக்கரம் என் மூக்கு நுனியைத் தொட்டு நின்றது. டிரைவர் மயங்கி விழுந்தான், கண்மாய் மேட்டில் நின்ற ஆடுகள் அத்தனையும் என்னைப் பார்த்துத் தலைவணங்கின. (டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். நான் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.)

முதலாளியிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தார். 'முழுசாக, உள்ளே மருந்தோடு' என்கிற இடத்தில் அவர் முகம் அலுமினியப் பவுடர் பூசினது மாதிரி ஆகிவிட்டது. கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்தார். எங்கள் எல்லோரையும் கழற்றச் சொன்னார்.

கை இறங்காமல் எப்படி உள்ளே போவது? நான்தான் கோட்டில் நின்று கேட்டேன். "அக்கா, எழிலு கணக்குப் போட்டு அனுப்பிருக்கா. நீ நிக்கிற எடத்துலதான் இருக்காம். வரட்டுமா?"

"என் மக சொன்னாளா?" என்றாள்.

சொன்னாள் என்றேன். ஒரே ஒரு எட்டு நகர்ந்துகொடுத்தாள். கை மட்டும் மேலேயே இருந்தது.

தண்ணீர் வண்டி வந்தது. பிளவு குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பாதாளத்தில் இருக்கிறவர்கள் குடை பிடித்திருப்பார்கள். பிறகு முழங்கை வரைக்கும் சேற்றில் விட்டுத் துழாவினேன். விரல் நுனியில் உருண்டையாகத் தட்டியது. ஒரு முழ ஆழம். அக்காவின் கால் இருந்த இடத்துக்கு நேர் கீழே.

மெதுவாக எடுத்தேன். மேல் காகிதம் ஊறி உப்பியிருந்தது. அடுத்த சுற்றிலிருந்து காய்ந்துபோய், கல் மாதிரி. மேலே சணல் கட்டு, அதில் உங்கப்பா இடது கையால் போடுகிற முடிச்சு. அக்கா குனிந்து பார்த்தாள். "நான் ஒட்டுனது" என்றாள், கடையில் தன் சாமானை அடையாளம் காட்டுகிற மாதிரி.

டிரம்முக்குக் கொண்டுபோனேன். பூனைக்குட்டியை இறக்குகிற மாதிரி இறக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சேற்றுக் கை. தண்ணீருக்குச் சாண் உயரத்தில் வழுக்கிவிட்டது.

தொப்.

அம்புட்டுத்தான் சத்தம். ஒரு புளியம்பழம் விழுந்தால்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும்.

அக்கா கையை இறக்கினாள்.

இறக்கிய கையை மற்றக் கையால் தடவிக்கொண்டாள். "விழுந்திருச்சுலே" என்றாள். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். போன வருஷம் அழாத அழுகையை அப்போது அழுதாள். முதலாளி அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அழுது முடித்துவிட்டு, பசிக்கிறது என்றாள். திதிக்கு நாள் பார்க்கச் சொன்னாள். நீ வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

பந்தல் விஷயம் எழுதியிருந்தாயே. அன்றைக்கு நான் பேசினேன், சிரித்தது மற்றவர்கள். நான் வாயை மூடினால் வானத்தில் இன்னும் ஒரு குண்டு இருக்கிறது என்பது எனக்கும் கேட்கும். அதனால்தான் மூடவில்லை. வேறு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இருபத்தாறாம் தேதி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பொய் கொண்டுவரச் சொன்னாய். கைவசம் இருந்ததை எல்லாம் ஏற்கனவே அனுப்பிவிட்டேன். எண்ணிக்கொள். காக்காய்கள் நடந்தது பொய். இப்போதும் எப்போதும் போலப் பறக்கின்றன. அய்யாதுரை வீட்டு நாய் பிறவி ஊமை. வட்டிலால் வெட்டின மாதிரி என்றேனே, அதுவும் நானாக வெட்டியது. நிழல் என்றது மண்ணில் கால் பட்ட அடையாளமோ, சாணி கிடந்த கறையோ, அதைக் கறுப்பாக்கி உருண்டையாக்கி உனக்கு அனுப்பினேன். அம்மா வெயிலில் நிற்கிறாள் என்று மட்டும் எழுதியிருந்தால் நீ பேனாவை எடுத்திருக்க மாட்டாய்.

ஒன்றே ஒன்று. என் உள்ளங்கை குளிர்ந்தது என்று எழுதினேனே, அது மட்டும் நெசம். சோறு பிசையும்போதும் விடவில்லை, அடுப்பில் காட்டியும் விடவில்லை. டிரம்மில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கை சூடாச்சு.

மாமன்,
ராக்கப்பன்